ஏழு பேருக்கும் புரியாத பேச்சு

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்த கையோடு மேஸ்திரி நழுவிவிட்டார். அடிபட்டவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நர்சுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இவர் பேசுறது யாருக்காவது புரியுதா?" என்று வார்டு முழுக்கக் கேட்டார். ஏழு பேர் வந்து ஆளுக்கொரு மொழியில் பேசிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"எனக்கு நாலு பாஷை தெரியும். இது அஞ்சாவது போல," என்றார் காவலாளி.

"கோடிப் பேர் இருக்கிற ஊருல இவருக்குன்னு ஒருத்தர் கிடைக்கலியே," என்றார் துப்புரவுக்காரம்மா.

அடிபட்டவர் நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"சரிண்ணா, கட்டாயம் செஞ்சிடுறேன்," என்றார் நர்சு.

அடிபட்டவரின் முகம் தெளிந்தது. சற்று நேரத்தில் மூச்சும் நின்றது. எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டோம் என்று தெரியாமல், நர்சு அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.