கூட்டம் மாறிய கோடு

பரிசோதனைக் கருவியின் திரையில் முதல் கோடு தலையைத் தூக்கியபோது டீக் கோப்பையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வந்த கோடுகளெல்லாம் முந்திக்கொண்டு எழுந்தன. நோயில்லாதவர்களுடையவை பின்னால் சோம்பிக் கிடந்தன. “அடி சக்கை!” என்று கத்தியேவிட்டேன். பரிசோதனைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை, மானம் தப்பியது.

பின்னே கத்தாமல்? கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே முளைத்து, மாதாமாதம் உயிரை வாங்கும் நோய் எண்டோமெட்ரியோசிஸ். பலருக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். அதுவரை “எல்லாருக்கும் வர்ற வலிதானே” என்ற உபதேசம்தான் மருந்து. ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற துக்கடா மூலக்கூறு இதைக் காட்டிக்கொடுக்குமா என்று, ஆய்வை நடத்தும் மேடமும் அவர் உதவியாளரான நானும் வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறோம். இந்த முறையும் சொதப்பினால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நோயில்லாதவர் ஒருவரின் கோடு, வெட்கமே இல்லாமல் நோயாளிகளோடு சேர்ந்து நின்றது. சிவப்பணுக்கள் உடைந்து கலந்திருந்தால் கணக்கு கெட்டுவிடும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பின் சாயல்கூட இல்லை. அதே ரத்தத்தை மறுபடி கருவியில் ஓட்டினேன். அதே இடம், அதே திமிர்.

மேடம் அடிவயிற்றைப் பிடித்தபடி வந்தார். மாதத்தில் சில நாள் அப்படித்தான் நடப்பார். கேட்டால் வாயுத்தொல்லை என்பார். திரையைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏய், வந்துடுச்சுடி!” குதிக்காத குறை. பிறகு, “இது யாரு நடுவுல? எங்கயோ தப்பு பண்ணியிருக்கே. தூக்கிப் போடு.”

எனக்குச் சுருக்கென்றது. “நான் ஒரு தப்பும் பண்ணல மேடம். ரெண்டு தடவை ஓட்டிட்டேன்.”

“அப்ப யாரோட ரத்தம் அது?”

நோயில்லாதவர் வரிசையில் ரத்தம் தருவதாகச் சொன்ன ஒருத்தி, எடுக்கும் நாளில் வரவில்லை. ‘எனக்கென்ன நோய், என்னோடதை எடு’ என்று உட்கார்ந்தவரை மறக்க முடியுமா? ஊசி போட்டவளே நான்தான்.

“உங்களோடது மேடம்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு கோட்டை வச்சு எதுவும் சொல்ல முடியாது மேடம். டாக்டரைப் பாருங்க.”

“தெரியும்டி.” கண் கலங்கியிருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. “வயசுக்கு வந்ததுல இருந்து வலின்னு நடிக்கிறேன்னுதான் வீட்ல சொல்வாங்க. நானும் நம்பிட்டேன். ஒருவேளை… நான் நடிக்கவே இல்லையோ?”

அவரே எழுந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்துவந்தார். முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, “புது ரத்தத்துலயும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம். ம், குத்து” என்றார். நான் ஊசியின் மூடியைத் திறந்தேன்.