நாற்பத்தேழாம் கம்பத்துப் புதர்

என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதுதான் தொந்தியாருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. எந்த மரம் எந்த மாதம் கம்பியைத் தொடும் என்பதை நிழலைப் பார்த்தே சொல்லிவிடுவார். அது போதாதென்று ஆபீஸில் டிரோன் வாங்கினார்கள். வாரம் ஒருமுறை அது கம்பி நெடுகப் பறந்து படம் பிடிக்கும். எங்கே புதிதாகப் பச்சை தெரிகிறதோ அங்கே கம்ப்யூட்டர் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். மூன்று வாரம் புள்ளி மறையாவிட்டால் வெட்டுகிறவருக்கு வேலை போய்விடும். அந்தச் சுபவேளையிலேயே எல்லோருக்கும் இலைப்பச்சையில் சீருடையும் தைத்துக் கொடுத்தார்கள்.

முதல் வாரமே, அவர் மதியம் சாப்பிட உட்காரும் நாற்பத்தேழாம் கம்பத்தடியில் புள்ளி விழுந்தது. 'புதர். அகலம் அதிகம். வேகமாகப் பருக்கிறது.' போய்ப் பார்த்தால் அங்கே புல்கூட இல்லை. அடுத்த வாரமும் புள்ளி. மூன்றாம் வாரம் தொந்தியார் காலையிலிருந்தே அங்கே காவல் உட்கார்ந்துவிட்டார். டிரோன் தலைக்கு மேல் வந்து, வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். பேனா முனையால் காதைக் குடைந்து, வந்ததை ஒரு கணம் ரசித்து, விரலால் வழித்து மேஜை விளிம்பில் தடவினார். அதே விரலால் திரையிலிருந்த புதரைப் பெரிதாக்கினார். புதருக்கு வழுக்கைத் தலை. மடியில் டிபன் பாக்ஸ். தொந்தியார் திரைக்கருகே குனிந்தார்.

"இது நான்தானே சார்."

"தெரியுதுண்ணே. மெஷினுக்குத் தெரியலையே."

"சட்டைய மாத்திக்கிறேன்."

"யூனிஃபார்ம் இல்லாம வந்தா ஆப்சென்ட்."

"அந்தப் பக்கமே போகல, விடுங்க."

"புள்ளி இருக்கிற எடத்துக்குப் போகலன்னா அது தனிக் குத்தம்." மேற்பார்வையாளர் அடுத்த காதுக்கு மாறினார். "ஒண்ணு வெட்டணும், இல்ல பிடுங்கணும். நீங்களே சொல்லுங்கண்ணே."

"முப்பது வருஷமா இந்த வயித்தக் குறைன்னு எம் பொண்டாட்டி கத்துறா. அவகூட அரிவாளத் தூக்கல."

படிவம் தயாராகவே இருந்தது. 'புதர் வேரோடு அகற்றப்பட்டது.' அதன் கீழே, அகற்றியவர் கையொப்பம்.

"போட்டாத்தான் பென்ஷன் ஃபைல் நகரும்," என்று மேற்பார்வையாளர் அந்தப் பேனாவையே நீட்டினார்.

அது பிசுபிசுத்தது. தொந்தியார் போட்டார். புள்ளி மறைந்தது, ஆபீஸே கைதட்டியது. வாசலுக்கு வந்து சட்டையைக் கழற்றி அதில் கையைத் துடைத்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி துடைத்தார். வெறும் பனியனோடு, நட்டநடு வெயிலில், துடைத்துக்கொண்டே நின்றார்.

இப்போது ஒரு பல் ஆடுகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஊரில் மின்கம்பி முழுக்க மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது.