பதினோராவது முகம்

1

செத்துப்போன ஒரு மனிதரை, ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், இரண்டு அங்குல உயரத்தில் உயிரோடு எழுப்பிக் காட்டியவன் நான்.

நம்பவில்லைதானே? வரிசையில் வாருங்கள். உங்களுக்கு முன்னால் என் மனைவி நிற்கிறாள். நாற்பத்திரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மூளையில் பிறக்கவில்லை, தபாலில் வந்தது. போன மாதம் ஒரு பெண்மணி கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அப்பா நடிகர். ரோந்துப் படகு ஒன்றைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் இன்ஜின்காரராக வந்தவர். தொடரில் தன்னைக் கொன்றுவிட்டார்கள் என்றும், அதைப் பார்த்து வரைந்த ஒரு சித்திரக்கதைப் புத்தகம்தான் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது என்றும் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. “நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்பா சொன்னது உண்மையா? ஒரே ஒரு வரி எழுதுங்கள். பொய்யென்றாலும் எழுதுங்கள்” என்று முடித்திருந்தார்.

ஒரு வரி! எனக்கு! மூக்குப்பொடி டப்பாவைத் தொலைத்த கதையையே முப்பது பக்கத்துக்குக் குறையாமல் சொல்கிற எனக்கு!

ஆனால் சிக்கல் அதுவல்ல. என் கையெழுத்தில் வருகிற ‘உண்மை’யைத் தெரிந்தவர்கள் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘அன்று வானம் கறுத்துக் கிடந்தது. எங்கோ ஒரு—’

(அடித்துவிட்டேன். வானத்தை யார் பார்த்தது? எங்கள் அலுவலக அறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. இல்லாவிட்டால் ஓவியர் படம் பார்த்துப் படியெடுக்கிற வெளிச்சப்பெட்டி எடுபடாது.)

இரண்டாம் தொடக்கம்: ‘அந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்குப் பதினோரு லட்சம் கடிதங்கள் வந்து குவிந்து, கதவைத் திறக்க முடியாமல்—’

(இங்கே ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: “நாற்பத்து மூன்று. நான்தான் பிரித்தேன்.”)

இந்தச் சிவப்பு மை யாருடையது என்று சொல்லிவிட வேண்டும். என் மனைவியுடையது. எங்கள் புத்தகக் கம்பெனியில் அவள் மெய்ப்புத் திருத்துகிறவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘சிவப்பு மை’தான். சரிபார்த்த பக்கத்தின் கீழே, வலது மூலையில் ஒரு சின்னச் சுழி போடுவாள். சுழி இல்லாத பக்கம் அச்சுக்குப் போகாது. அப்போது அவள் என் மனைவி இல்லை; என் பிழைகளுக்கு மட்டும்தான் சொந்தக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு பொறுப்பு கூடிவிட்டது. இன்றைக்கும் நான் எழுதுகிற எதுவும், கடிதம் உள்பட, அவள் சுழி இல்லாமல் வீட்டுப்படி தாண்டாது.

இந்தக் கதைக்குச் சுழி போடமாட்டேன் என்கிறாள்.

3

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவையும் தொலைக்காட்சித் தொடரையும் சித்திரக்கதையாக்கி விற்பது வேலை. பார்த்துவிட்டுத்தான் வரைவோம் என்று நினைப்பீர்கள். அவ்வளவு வசதியா எங்களுக்கு? தொடர் ஒளிபரப்பாகிற வாரமே புத்தகம் கடைக்குப் போக வேண்டும். ஆகவே இரண்டு மாதம் முன்பே தபாலில் ஓர் உறை வரும். உள்ளே தட்டச்சு செய்த வசனமும், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் சிலவும் இருக்கும். அவ்வளவுதான். நான் வசனத்தை வெட்டிக் கட்டத்தில் அடைப்பேன். ஓவியர் புகைப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து முகங்களை எடுப்பார். படகு என்ன நிறம்? யாருக்குத் தெரியும்! நாங்கள் பச்சை அடித்தோம். பிறகு பார்த்தால் வெள்ளை. தொடரில் கதாநாயகனுக்குத் தாடியே முளைத்துவிட்டது, எங்கள் புத்தகத்தில் நான்கு இதழ் தள்ளித்தான் முளைத்தது.

இன்ஜின்காரர் கதை இன்னும் மோசம். சின்னப் பாத்திரம் என்பதால் அவருக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் அனுப்பினார்கள். இடது பக்கம் திரும்பி, கையில் ஸ்பானரோடு, பல் தெரியச் சிரிக்கிற படம். விளைவு, இரண்டு வருஷம் எங்கள் புத்தகத்தில் அந்த மனிதர் இடது பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். புயலடித்தாலும் சிரிப்பு. படகு தீப்பிடித்தாலும் சிரிப்பு. அழுகிற வசனத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஓவியர், “வசன பலூனைப் பெருசா போட்டு வாயை மறைச்சுடறேன்” என்பார்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இப்படி ஓர் ஆளை நான் கற்பனையாக எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன். உண்மையான ஆளாகப் போய்விட்டார், என்ன செய்வது.)

4

அந்த வருஷத்துக் கடைசி உறை வந்தது. வசனத்தில், யாரோ கயிற்றை அறுத்துவிட, இன்ஜின்காரர் ஆற்றில் விழுகிறார். உடல் கிடைக்கவில்லை. கடைசிக் காட்சியில், ‘பதினோரு பேர் படகுத்துறையில் நின்று மலர்வளையத்தைத் தண்ணீரில் விடுகிறார்கள்.’

பதினோரு பேர். ஓவியர் மேசையில் இருந்த முகங்களை எண்ணினார். பத்து.

யாரையும் பார்க்காமல் இஷ்டத்துக்கு ஒரு முகத்தை வரைந்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் பிற்பாடு கத்தினேன். ஆனால் இருபது வருஷம் புகைப்படத்தின் மேல் தாள் வைத்தே பழகிய கை அது. உறைக்குள் விரலை விட்டு இன்னொரு படத்தை இழுத்தது. இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிற படம். ஸ்பானரை அழித்துவிட்டுக் கையில் தொப்பியைக் கொடுத்தார். வரிசையில் நான்காவதாக நிறுத்தினார்.

புத்தகம் கடைக்குப் போயிற்று. எல்லாரும் தலை குனிந்து நிற்கிற துக்கத்தில், செத்தவர் மட்டும் தலை நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

படித்த பிள்ளைகள் கடிதம் எழுதின. ‘அவர் சாகவில்லை, மாறுவேஷத்தில் வந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியும்.’ ‘கயிற்றை அறுத்தது யாரென்று கண்டுபிடிக்கத்தானே வந்து நிற்கிறார்?’ பதினோரு லட்சம்— சரி, நாற்பத்து மூன்று. எங்கள் இதழின் ஆசிரியர் அத்தனையையும் மூட்டையாகக் கட்டித் தொடர்க்காரர்களுக்கு அனுப்பிவைத்தார். அவர்களுக்கும் அடுத்த வருஷத்துக்குக் கதை கிடைக்காமல் திண்டாட்டம்போல. முதல் பகுதியிலேயே இன்ஜின்காரர் தன் துக்கத்துக்குத் தானே வந்து நின்றிருந்தார், கயிற்றை அறுத்தவனைத் தேடி. வேலை போன நடிகர் அதற்கப்புறம் நான்கு வருஷம் அந்தப் படகை ஓட்டினார்.

5

இந்த இடத்தில் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ‘எழுப்பிக் காட்டியவன் நான்’ என்றேனே, நான் ஒன்றும் எழுப்பவில்லை. அச்சான புத்தகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும். ஆசிரியர் கூப்பிட்டு, இது யார் யோசனை என்று கேட்டார். திட்டுவதற்கா தட்டிக்கொடுப்பதற்கா என்று புரியாத குரல். என்னுடையது என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டேயிருக்கிறேன்.

ஓவியர் இப்போது இல்லை. எங்கள் வீட்டிலிருந்த ஒரே பிரதி குழாய் உடைந்த அன்று கூழாகிவிட்டது. நடிகர் தன் பிரதியை யார் யாரிடமோ காட்டக் கொடுத்துத் தொலைத்துவிட்டாராம். மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி, ஐந்தடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது.

“அந்தப் பக்கத்துல சுழி போட்டது நீதானே? நடக்கலைன்னு எப்படிச் சொல்ற?”

“நான் பார்த்த பக்கத்துல செத்தவன் நிக்கமாட்டான்.”

“நின்னானே!”

“அப்ப அது நான் பார்த்த பக்கம் இல்ல. நீங்க சொல்றதுல எதை நம்பறது? போன வாரம் மாடிப்படியில பாம்புன்னீங்க. ஈர்க்குச்சி.”

நாற்பத்திரண்டு வருஷமாக இதே பேச்சு. எனக்குக் காரணம் புரியாமலில்லை. வேலை பார்த்த முப்பத்தோரு வருஷத்தில் அவள் சுழி போட்ட பக்கத்தில் ஒரு பிழையும் கிடையாது. விடைகொடுத்த நாளில் அதைச் சொல்லித்தான் கைதட்டினார்கள். கதை நடந்தது என்று அவள் ஒப்புக்கொண்டால், செத்தவரைத் தாண்டிப் போகவிட்டவள் அவள் என்றாகிறது. என் புளுகைக் காப்பாற்ற அவள் பேரை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ஆனாலும் கேட்டேன். “எனக்காக வேணாம். அவரோட பொண்ணு கேக்கறாங்க. நான் எழுதினா நம்பமாட்டாங்க. நீ எழுதினா நம்புவாங்க.”

கீரையை ஆய்ந்த கை நின்றது. “அந்தக் கடுதாசியை இப்படிக் குடுங்க” என்றாள். இரண்டு தரம் படித்தாள். கையில் பேனா இல்லாமல் அவள் ஒன்றைப் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருப்பிக் கொடுத்துவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

முடிவுகள்.

முதல் முடிவு: பழைய பேப்பர் கடையில், மூட்டைக்கு அடியில், அந்த இதழ் எனக்காகக் காத்திருக்கிறது. (சினிமாவில் நடக்கும். நான் மூன்று கடை ஏறி இறங்கி, தும்மலோடு திரும்பி வந்தேன்.)

இரண்டாம் முடிவு: அந்தப் பெண்மணிக்கு, ‘உங்கள் அப்பா வேடிக்கையாகச் சொல்லியிருப்பார்’ என்று எழுதிவிடுகிறேன். என் மனைவியின் முப்பத்தோரு வருஷம் பத்திரமாக இருக்கும். (எழுதியும் பார்த்தேன். ‘உங்கள் அப்பா வேடிக்கையா—’ அதற்கு மேல் பேனா ஓடவில்லை. வாழ்நாளெல்லாம் பொய்யை உண்மையென்று விற்றவனுக்கு, ஒரே ஓர் உண்மையைப் பொய்யென்று விற்கத் தெரியவில்லை.)

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. இதோ, கீழே இடம் விட்டிருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய கதைக்கே கட்டம் போட்டுப் பழகியவன் நான். கட்டம் போட்டாயிற்று, நிரப்புவது உங்கள் பாடு. பிரதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன்.

7

(சிவப்பு மையில்)

புதன் அல்ல, வியாழன். திருத்திக்கொள்ளவும்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை அந்த நடிகர் அலுவலகத்துக்கு வந்தார். நீங்களும் ஓவியரும் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். என் மேசைக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, பழைய இதழ்கள் இருக்குமா என்று கேட்டார். “இனிமே தொடர்ல நான் வரமாட்டேம்மா. புத்தகத்துலயாவது அப்பாவைப் பார்க்கட்டும், பொண்ணு கேக்குது” என்றார். அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். அன்று அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மெய்ப்பு வந்தது. வரிசையில் நான்காவது ஆள். பேனாவைத் திறந்தேன். மூடினேன். சுழி போட்டேன்.

வந்த கடிதங்கள் நாற்பத்து மூன்று என்றேன். அதில் ஐந்து, இடது கையால் நான் எழுதியவை.

நடந்தது. அந்தப் பெண்ணுக்கு இதை அப்படியே அனுப்பலாம். ஈர்க்குச்சிக் கதையை மட்டும் எடுத்துவிடவும்.

முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு பிழையையும் பார்க்காமல் விட்டதில்லை. அதையும் பார்த்துத்தான் விட்டேன்.