டாக்சியில் வந்த தாய்மாமன்

சந்தை முனையில் ஷேர் டாக்சி அசையாமல் நின்றுவிட்டபோது மணி மூன்றேகால். டெய்போர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு மவ்லாயில் அக்கா வீட்டில் குடும்பக் கூட்டம். தாய்மாமன் வந்து உட்காராமல் கூட்டம் தொடங்காது. அவர் வாயைத் திறக்காமல் முடியவும் முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்பது நேற்றே போனில் முடிவாகிவிட்டது. பான்ரி போகக் கூடாது, அவ்வளவுதான்.

பான்ரி, அக்காவின் கடைசிப் பெண். ஷில்லாங் மலையில் அவர்கள் ஜனத்துக்குக் கடைசிப் பெண்தான் வீட்டுக்காரி. வீடும் அவளுக்கு, வீட்டோடு அம்மாவும் அவளுக்கு. ஆண்பிள்ளைகள் கல்யாணமானால் பெண்டாட்டி வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த ஒழுங்குக்கு நடுவில் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள் இவள். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களாகப் பார்த்து ஆறு பேரைப் பெங்களூர்க்காரர்கள் யாரோ பொறுக்கியிருக்கிறார்களாம். ஒரு வருடம் ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பாட வைப்பார்களாம். இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். பாட்டாம், ஊராம்!

டிரைவர் சலித்துப்போய் போனில் ஒரு பாட்டைப் போட்டான். ஒற்றைக் கிதார், ஒரு பெண் குரல். இரண்டாவது வரிக்குள் டெய்போருக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆறு வயதில் மடியில் உட்கார வைத்து, சர்ச் பாட்டுக்கு டோ-ரே-மி தானே சொல்லிக்கொடுத்த பான்ரியின் குரல் அவருக்குத் தெரியாதா?

'வீட்டுக்குக் கால் கிடையாது, பெண்ணே, நீயும் அதுபோல் நில்லு' என்றது பாட்டு.

அது அவர் வார்த்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில், அக்கா வீட்டு அடுப்படியில், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் அவளிடம் சொன்னது. ஒரு எழுத்து மாறவில்லை.

"சத்தமா வைப்பா," என்றாள் பக்கத்தில் மடியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள். "யார் பெத்த பொண்ணோ, வாயில சர்க்கரையைத்தான் போடணும்."

"பேரே போடல, காங். 'கடைசிப் பொண்ணு'ன்னு மட்டும் போட்டிருக்கா," என்றான் டிரைவர், அக்கா முறை வைத்து. "ரெண்டு வாரமா எந்த வண்டில ஏறினாலும் இதான். இங்கிலீஷ் பாட்டைத் தவிர எதையும் தொடாத என் கூட்டாளிங்ககூட இப்ப நம்ம பாஷைப் பாட்டைத் தேடித் தேடிக் கேக்கறானுங்க."

முன் சீட்டில் இருந்த வங்கி ஊழியர் திரும்பிச் சிரித்தார். "எங்க வீட்ல பெரிய சண்டை, தெரியுமா? 'என்னைத்தான் பாடியிருக்கா'ன்னு எங்க மாமா ஒரே குதி. ஊர்ல இருக்கிற மாமன் அத்தனை பேரும் திருதிருன்னு முழிக்கிறாங்க!"

"குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது," என்று மீன்காரம்மாள் அண்ணன் முறை கொண்டாடி டெய்போரை விலாவில் இடித்தாள். "என்ன பாஹ், உங்களுக்கும் மருமக இருக்காளா?"

"இருக்கா."

"பாடுவாளா?"

"சர்ச்சுல பாடுவா," என்றார்.

அதற்குள் பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டது. வண்டியில் இருந்த மற்ற மூன்று பேரும் கூடவே பாடினார்கள்.

'டாக்சியில் வந்தாய், மாமா,
டீ குடித்தாய், தீர்ப்புச் சொன்னாய்,
இருட்டும் முன்னே எழுந்து போனாய்
இன்னொரு வீட்டுக்கு.'

"நிறுத்துப்பா வண்டியை!" என்றார் டெய்போர்.

"நின்னுக்கிட்டுத்தானே பாஹ் இருக்கு!" என்றான் டிரைவர். மீன்காரம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டெய்போர் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

மிச்ச தூரத்தை மேட்டில் மூச்சு வாங்க நடந்தே கடந்தார். ஊர் சிரிக்கிறது! சர்ச் பாடகர் குழுவை இருபது வருடமாக நடத்துகிறவர், ஒருத்தரிடம் ஒரு சொல் வாங்காதவர், இன்றைக்கு டாக்சிக்கு டாக்சி அவரை இழுத்துப்போட்டு மிதிக்கிறார்கள். நேற்று வரை அவள் போகக் கூடாது என்று மட்டும்தான் இருந்தார். இப்போது அந்தக் கிதாரையே அடுப்பில் வைக்க வேண்டும் என்று இருந்தது.

நான்கு அடித்துப் பத்து நிமிடம். கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கா தெய்லின் முழங்காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம். மூத்த மகள் டாரிஷா நடுவில், வக்கீல் மாதிரி நிமிர்ந்து. பான்ரி கதவருகே தரையில். அவருக்கு நாற்காலி போட்டிருந்தது. அவர் உட்கார்ந்ததும் பான்ரி எழுந்துபோய் டீயும் அரிசி அப்பமும் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

"அம்மா இந்த வருஷம் ரெண்டு தடவை விழுந்தாச்சு, மாமா," என்று டாரிஷா ஆரம்பித்தாள். "இவ போயிட்டா ராத்திரி யாரு தூக்கி விடறது? எனக்கு மூணு குழந்தைங்க. வீடு மட்டும் இவளுக்கு வேணும், அம்மா வேண்டாமா?"

"நான் வீடு கேக்கல அக்கா," என்றாள் பான்ரி. "ஒரு வருஷம் கேக்கறேன். திரும்பி வந்துடுவேன்."

"பேச்சைப் பாரு! மாமா, இவ லட்சணம் உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கோங்க." டாரிஷா போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"அக்கா, வேண்டாம்," என்றாள் பான்ரி. குரல் கிழிந்தது. "உன் கால்ல விழறேன், வேண்டாம்!"

பாட்டு தொடங்கிவிட்டது.

டாக்சியில் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே கேட்டது வேறு. இந்தக் கூடத்தில் யாரும் மூச்சுவிடாமல் கேட்டது வேறு. பான்ரி முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். டாரிஷா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் மாமா வெடிப்பார், கதை தீர்ந்தது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வெடிக்கத்தான் அவரும் தயாராக இருந்தார். டீயை ஒரு மடக்குக் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கம்போல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எதற்குப் பார்த்தோம்?

வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்திருக்கிறார். இருட்டினால் நாங்திம்மாயில் இருக்கும் தன் வீட்டுக்கு டாக்சி கிடைக்காது. தொப்பி ஏற்கெனவே மடியில், புறப்படத் தோதாக. இதே நாற்காலியில் முப்பத்திரண்டு வருடமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். 'இன்னொரு வீட்டுக்கு' என்று மேஜையில் குரல் முடிந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று ஆகிவிட்டது அவருக்கு.

அந்த இன்னொரு வீட்டில்தான் யார் இருக்கிறார்கள்? மனைவி தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அது அவருடைய கடைசிப் பெண்ணின் வீடு. மாடியறையில் அவருக்கு ஒரு கட்டில். மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசுகிறான். விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை.

"சொல்லுங்க மாமா," என்றாள் டாரிஷா.

"இந்தப் பாட்டைக் கேட்டுட்டுத்தான் வரேன்," என்றார் டெய்போர்.

பான்ரி தலையைத் தூக்கினாள். அழுகையும் பயமுமாக முகம் வீங்கிக் கிடந்தது. "மன்னிச்சிடுங்க மாமா. அந்தக் கடைசிப் பகுதியை எடுத்துடறேன். எல்லாத்தையுமே எடுத்துடறேன். நான் எங்கயும் போகல."

"எதையும் எடுக்க வேண்டாம். நான் செய்யாததையா பாடியிருக்கே?" அவர் குரல் அவருக்கே கேட்காத மாதிரி இறங்கிப்போயிற்று. "நீ போ. ஒரு வருஷம் நான் இங்க இருக்கேன். அக்காவை நான் பாத்துக்கறேன்."

டாரிஷாவுக்கு வாய் மூடவில்லை. "நீங்களா? ஆம்பளை, பொறந்த வீட்டுக்கு வந்து... ஊர் என்ன பேசும்?"

"ஊர் ஏற்கெனவே என்னைப் பாடிக்கிட்டு இருக்கு. இதையும் சேர்த்துப் பாடட்டும்."

தெய்லின் கம்பளிக்குள்ளிருந்து சிரித்தாள். "இவனா? சோறு வடிக்கத் தெரியுமா இவனுக்கு? நான்தான் இவனைப் பாத்துக்கணும்."

"தெரியாது," என்று ஒப்புக்கொண்டார். "சொல்லிக் குடு."

"நிஜமாவா மாமா?" என்றாள் பான்ரி. இன்னும் நம்பவில்லை. "நாளைக்கு மாறிட மாட்டீங்களே?"

"ஆறு மணிக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம்கூட இல்ல. போனைப் போடு, போ."

அவள் போனை எடுத்து நம்பரைப் போட்டாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது முறை மணி போனதும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பேசப் பேச அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. எழுந்தார். அழுகிற பெண்ணுக்கு ஒரு டம்ளர் டீயாவது போட்டுக் கொடுக்கலாம் என்று தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. முதல் டப்பாவைத் திறந்தார்: உப்பு. இரண்டாவதில் மஞ்சள். மூன்றாவதில் கருவாடு. அவர் பிறந்த வீடு. முப்பத்திரண்டு வருடமாக மாதம் தவறாமல் டீ குடித்த வீடு.

"அக்கா," என்று கடைசியில் கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டார், "தேயிலை எதுல இருக்கு?"