வளர்ந்த இரும்பு

முப்பத்தெட்டு வருடமாகக் கடலில் நிற்கும் எண்ணெய் மேடையின் இரும்புக் கால் ஒன்று தடித்துக்கொண்டே போகிறது என்று என் மேசையில் கிடந்த அறிக்கை சொன்னது. உள்ளே கூடான குழாய்க் கால் அது; நட்டபோது அதன் சுவர்த் தடிமன் இருபத்தைந்து மில்லிமீட்டர். பதினைந்து வருடம் முன்பு இருபத்தொன்று. ஐந்து வருடம் முன்பு இருபத்திரண்டு. போன மாதம் இருபத்துமூன்று. உப்புத் தண்ணீரில் நின்று உடம்பு தேறிய இரும்பை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். "நல்லா சாப்பாடு போடுறாங்க போல, மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். ஒலியை உள்ளே அனுப்பி இரும்பின் தடிமனைச் சொல்லும் கருவி எங்களுடையது, உள்ளங்கையில் அடங்கிவிடும். வைப்பதற்கு முன் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட வேண்டும், அளந்தபின் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடியே அதுதான். பெயிண்டின் மேலேயே வைத்தால் கருவி ஏமாந்துபோகும். அரை மில்லிமீட்டர் பெயிண்டை ஒன்றேகால் மில்லிமீட்டர் இரும்பாகக் காட்டும். மேடைக்காரர்களோ, சோதனைக்கு ஆள் வருகிறது என்றாலே பழசின் மேல் புதுசாக ஒரு பூச்சு பூசிவிடுவார்கள். அலையடிக்கும் இடத்தில், ஆடுகிற கூடையில் தொங்கிக்கொண்டு அதையெல்லாம் யார் சுரண்டுவது?

ஐந்து வருடம் முன்பு அந்தக் கூடையில் தொங்கியவள் நான். வாந்தி எடுத்து எடுத்துக் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. கீழே படகுக்காரர் நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் சுரண்டவில்லை. கருவியை அப்படியே வைத்து, வந்த எண்ணை எழுதி, கையெழுத்தும் போட்டேன். அந்த இருபத்திரண்டு என்னுடையது. கோபம் யார் மேல் என்று கேட்டால், முதலில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட அந்தப் பெண் மேல்தான்.

அடுத்தது எங்கள் ஆய்வுப் பிரிவின் தலைவர் மேல். எதைக் கொடுத்தாலும் சராசரி எடுப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி சார். நான்கு எண்களையும் கூட்டி, நான்கால் வகுத்து, இருபத்திரண்டே முக்கால் என்று எழுதியிருந்தார். நட்ட நாளின் இருபத்தைந்தும் அதில் சேர்த்தி! இருபது வயதில் தலையில் இருந்த முடியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உலகத்தில் யாருக்கும் வழுக்கை கிடையாது, அவருக்குக்கூட. பதினெட்டுக்குக் கீழே இறங்காதவரை ஆபத்தில்லை என்பது விதி. ஆகவே மேடை இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று முடித்து, அடியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"சுரண்டிட்டுத் திரும்ப அளக்கணும் சார்" என்றேன்.

"அதுக்கு ஒரு மாசம் வேலைய நிறுத்தணும்மா. யாரு ஒத்துக்குவாங்க? அதோட, அந்த இருபத்திரண்டு நீங்க எடுத்ததுதானே? தப்புன்னு நீங்களே எழுதுவீங்களா?"

குரலை உயர்த்தாமல், எனக்காகப் பரிதாபப்படுகிறவர் மாதிரிதான் கேட்டார். நாளைக் காலைவரை யோசிக்கச் சொன்னார்.

அந்த மேடையில் கிரேன் ஓட்டுவது என் தம்பி. மதியம் ஃபோனில் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். அக்கா சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகில் ஏறிவிடுவான் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், கையெழுத்தப் போட்டுடு. இத மூடிட்டா எண்பது பேருக்கு வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"டேய், கால் உளுத்துப் போயிருக்குடா!"

"நீ பாத்தியா? ஒரே ஒரு தடவ வந்து வாந்தி எடுத்துட்டுப் போன. நான் ஒம்பது வருஷமா இதுமேலதான் படுத்துத் தூங்குறேன்."

"அதனாலதானே கத்துறேன்! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பிள்ளைங்க மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

"சரி, நானே இறங்கிச் சுரண்டிப் பாக்குறேன். ஒண்ணும் இல்லன்னா வாய மூடிட்டுக் கையெழுத்துப் போடுவியா?"

கயிறு கட்டிக்கொள்ளடா என்று சொல்வதற்குள் பட்டென்று வைத்துவிட்டான். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை சராசரி சாரின் முன் ஒரு தாளை வைத்தேன். 'இருபத்திரண்டு என்ற அளவு பெயிண்டின் மேல் எடுக்கப்பட்டது. எடுத்தவள் நான்' என்று ஆரம்பித்திருந்தேன். முழுக்கப் படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"வேலை போயிடும்மா. போயும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. பேனா வச்சிருக்கிறவங்க இந்த ஆபீஸ்ல நிறையப் பேர் இருக்காங்க."

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை இல்லை.

அதைத் திறந்து, அறிக்கையின் மேல், அவர் முன்னால் வைத்தேன். அளப்பதற்காக வட்டம் போட்டிருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே பெயிண்ட் கிழிந்து தொங்கியது. உள்ளே அடுக்கடுக்காகத் துரு, அதன் நடுவில் ஓர் ஓட்டை. சராசரி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை விரித்தார். ஓட்டைக்குள் என் தம்பியின் கட்டைவிரல், அடிவரைக்கும் போயிருந்தது.