அடைத்த துளைகள்

ஒழுகும் வீட்டில் பிறந்தவனுக்கு ஓட்டை என்றாலே பகை. ஹரோல்டுக்கும் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டின் கூரை அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒழுகிற்று. நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி நா வறண்டதே தவிர, கூரை வறளவில்லை. ஆகவே தாரும் பழைய லோரி டயர் டியூபும் கொண்டு தாமே அடைக்கக் கற்றுக்கொண்டார். எங்கே ஓட்டை கண்டாலும் அவர் கை தானாக நீளும்.

அந்த ஆண்டோடு அவருக்கு ஓய்வு. தோட்டத்தில் வேலை செய்பவருக்கே வீடு என்பது அங்கே சட்டம். வாழ்நாளெல்லாம் கொழுந்து சுமந்த தோளுக்குக் கைம்மாறு என்ன? வீட்டைக் காலி செய் என்னும் ஒற்றை வாக்கியம்! தப்ப வழி இரண்டே. மகள் ஷெர்லி தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அல்லது லூமுட் கடற்கரை விடுதியில் கயாக் என்னும் துடுப்புப் படகுக்கான பயிற்சியாளர் வேலையைப் பிடிக்க வேண்டும். அந்த வேலையோடு குடும்பம் தங்க வீடும் கிடைக்கும். இடமோ ஒன்று, போட்டிக்கு மூவர். ஞாயிறு பகல், அணைக்கட்டு ஏரியில் தேர்வு.

ஷெர்லி ஏரிக்கரையில் கயாக் வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்தாள். கடை முதலாளியான தவுக்கே கழித்துப் போட்ட நீளக் கயாக் ஒன்றைத் தனதாக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையன்று. திறந்த தட்டின் மேல் உட்காரும் வகை. மூன்று ஆள் நீளம், ஒடுங்கிய இடுப்பு. நேராகப் போனால் அம்பு, திருப்பினால் அடம்.

"இது குதிர மாதிரிப்பா," என்பாள். "சும்மா நின்னாத்தான் ஆட்டம் காட்டும். ஓட விட்டா நம்ம பேச்சக் கேக்கும்."

ஹரோல்டின் கண்ணுக்குப் பட்டதோ வேறு. தட்டிலிருந்து அடிவரை ஊடுருவிய நான்கு துளைகள்! பயிற்சி முடிந்து மகள் நனைந்த காற்சட்டையோடு திரும்பும்போதெல்லாம் அவர் வயிறு எரியும்.

"ஓட்டப் படக உன் தலையில கட்டிட்டான்லா அந்தத் தவுக்கே."

"அது அப்படித்தான்பா இருக்கணும்," என்று சிரிப்பாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அவள் தாயோடு கோயில் பூசைக்குப் போனாள். கயாக்கை ஏற்றிச் செல்ல, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றும் ஹரிதாஸ் லோரியோடு வந்தான். ஹரோல்ட் கயாக்கைக் கவிழ்த்து வைத்து, டியூபை வட்டவட்டமாக வெட்டி, கூரைத் தார் பூசி, நான்கு துளைகளையும் அடியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, படகுக்கும் கூரை போடுறீங்களா?"

"புள்ள நனையாமப் போவட்டும்டா. அவகிட்ட ஒளறி வைக்காத. ஜெயிச்சு வந்தப்புறம் நானே சொல்றேன்."

"எனக்குக் கோழிக் கறி சோறு வாங்கித் தந்தா வாயத் தொறக்க மாட்டேன்."

பூசை நீண்டுவிட்டது. ஷெர்லி ஏரிக்கு ஓடி வந்தபோது மற்ற இருவரும் தண்ணீரில் தயாராக இருந்தார்கள். அடியைக் குனிந்து பார்க்க அவளுக்கு அவகாசமில்லை. தட்டில் ஏறி அமர்ந்தாள்.

"இன்னிக்கி தண்ணியே ஏறலப்பா! நல்ல சகுனம்லா!"

ஹரோல்டுக்கு நெஞ்சு நிறைந்தது.

விசில் ஊதியதும் நீளக் கயாக் நிமிர்ந்து பாய்ந்தது. செம்மண் கலங்கிய ஏரியை ஒரே கோட்டில் கிழித்துக்கொண்டு, மற்ற இருவரையும் பின்னுக்குத் தள்ளியது. எதிர்க்கரை மிதவையை முதலில் தொட்டவள் அவளே. அங்கே அகலமாக வளைந்து திரும்பும் வேளையில் மலைச்சரிவிலிருந்து காற்று இறங்கிற்று. அலை ஒன்று தட்டில் ஏறியது, பின்னால் மற்றொன்று. ஏறிய நீர் இறங்கவில்லை. அவள் இடப்பக்கம் சாய்ந்தால் நீரும் இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் நிமிர்ந்தால் வலப்பக்கம் முட்டியது. அம்பாய்ப் பாய்ந்த படகு சூல்கொண்ட எருமைபோல் கனத்தது. கரையில் நின்ற ஹரோல்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தது.

காவல் படகைக் கையசைத்து விலக்கினாள். தத்தித் தவழ்ந்து மீண்டும் ஏறினாள். அதற்குள் மற்ற இருவரும் கரை சேர்ந்துவிட்டார்கள்.

தேர்வாளர் கோகிலன் கயாக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இத அடைச்சது? மேல ஏறுற தண்ணி கீழ எறங்கத்தானே இந்த ஓட்டை!"

ஹரோல்ட் முன்னே வந்தார். வாய் திறக்குமுன் ஷெர்லி முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார்."

"இல்ல சார், நான் செஞ்ச வேலை! புள்ளைக்கு ஒன்னும் தெரியாது!"

"யார் அடைச்சா என்னங்கய்யா? ஏறறதுக்கு முன்ன பாக்க வேண்டியது அவங்கதானே. நாளைக்கு நாலு பேர் உயிரு அவங்க கையில இருக்கும்." அவர் குரலில் கோபமில்லை. அதனாலேயே அது தீர்ப்பாயிற்று.

திரும்பும் வழியில் ஹரிதாஸ் கோழிக் கறி சோற்றுக் கடையில் நிறுத்தாமல் லோரியை ஓட்டினான்.

"அது எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் ஹரோல்ட்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்பா."

யாரைக் குற்றம் சொல்வது? அன்பையா? அந்த அன்புக்கு அடைப்பதைத் தவிர வேறொன்றும் கற்றுத்தராத வாழ்க்கையையா? கூரையை ஒழுக விட்டவர்கள் ஒருநாளும் நனைந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஷெர்லி வரிசையின் கடைசியில் நின்றாள், ஹரோல்ட் சற்றுத் தள்ளி நின்றார். பிறந்த நாள் முதல் அவளை அறிந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, வழக்கப்படி பெயரைக் கேட்டார்.

"ஷெர்லி. ஹரோல்ட் மக."

"அப்ப வீட்டப் பத்திக் கவலையில்ல, ஹரோல்ட்," என்றார் கிராணி, நல்ல சேதி சொல்பவர்போல.

நன்றி சொல்ல வேண்டிய இடம். ஹரோல்ட் விரலில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டினார். மகள் மற்ற பெண்களின் பின்னே தேயிலைக்குள் இறங்கினாள். செடிகள் அவள் இடுப்பளவுதான். வெகுநேரம் அவளை மறைக்கவேயில்லை.