சித்தி என்று கூப்பிட்டவன்

எங்கள் கடைக்கு வரும் லாரி டிரைவர்கள் என் தங்கை அனுசியாவுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அப்பாவின் கடை இருக்கிறது. கயிறு, தார்ப்பாய், தண்ணீர் பாக்கெட், வாழைப்பழம், கல்லுப்பு எல்லாம் கிடைக்கும். வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் டிரைவர்கள் இறங்கி வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் அனு, பையைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள். கணக்கு டீச்சர் குடையைத் தொலைத்தது, சத்துணவில் முட்டை சிறுத்துப்போனது, வழியில் ஒரு நாய் அவளைப் பார்த்துச் சிரித்தது என்று ஒன்று விடாமல் சொல்லுவாள்.

"அய்யாக்குட்டி அண்ணாச்சி, இந்த ரேடியோவ அணைக்க பொத்தானே கிடையாதா?" என்று வெள்ளத்துரை டிரைவர் கேட்பார்.

"பேட்டரி தீந்தாத்தான் நிக்கும்" என்பார் அப்பா.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கடையில் பொட்டலம் மடிக்கிறேன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். தைக்குப் பிறகு அவள் பேசுவதில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், மிஞ்சினால் ஒரு 'ம்'. அவள் வாய் திறக்கவேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் வேறு வேண்டுதல் இல்லை.

அப்பாவின் பழைய போனில் அவள் ஒரு விளையாட்டு விளையாடுவாள். சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி வீடு, தெரு, ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். கட்டியதை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம், கூடச் சேர்ந்து கட்டலாம், பேசலாம். மற்றப் பிள்ளைகள் அரண்மனை கட்டினார்கள். அனு எங்கள் ஊரைக் கட்டினாள். துறைமுகத்துக் கிரேன் நின்றது. உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாக அம்பாரங்கள் கிடந்தன. அப்பாவின் கடையைக் கட்டி அதன் மேல் 'அய்யாக்குட்டி ஸ்டோர்' என்று போர்டும் வைத்தாள். கடைசியாக எங்கள் குலசாமி கோயிலைக் கட்டினாள். சுற்றிலும் தேரி என்கிற செம்மண் மணல்மேடு, பனைகள், தெற்கே ஒரு வேம்பு. 'கள்ளிக்காட்டு மாடசாமி துணை, சித்திரைக் கொடை' என்று வாசலில் எழுதினாள். பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவின் பெயர் சுடலைமாடத்தி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர், தகப்பன் பெயர், கும்பிடும் சாமி எல்லாம் விசாரித்து, இறங்குவதற்குள் ஏதாவது ஒரு உறவுமுறை கண்டுபிடித்துவிடுவாள். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் சொக்காரர்கள், அண்ணன் தம்பி வகை. அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. யாரை வீட்டுக்குள் விடலாம், யாரை வாசலோடு அனுப்பவேண்டும் என்பதை அம்மா இப்படித்தான் தீர்மானிப்பாள். அனுவிடம் அவள் தினமும் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: தெரியாத ஆளுகிட்டப் பேசாத.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கோயில் கூரைக்கு ஓடு வேண்டாம், ஓலை வை என்று போனுக்குள்ளிருந்து ஒரு குரல் அனுவிடம் சொன்னது.

"யாருளா அது, ஆம்பளக் குரலு?"

"விளையாட வாரவங்கம்மா. சிவப்பிரகாஷ்னு பேரு."

"குடு இங்கன." அம்மா கீரைக் கையோடு போனை வாங்கினாள். "தம்பி, ஒனக்கு எந்த ஊரு?"

"பூர்வீகம் உடன்குடிப் பக்கம். இப்பம் கோயம்புத்தூர்ல இருக்கோம்."

"என்ன சாமி கும்பிடுதிய?"

"கள்ளிக்காட்டு மாடசாமி, சித்தி."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆன்ட்டி என்று சொல்லியிருந்தால் அப்போதே போனை அணைத்திருப்பாள். அத்தை என்று சொல்லியிருந்தால் அன்றோடு விளையாட்டையே நிறுத்தியிருப்பாள். அவன் சித்தி என்றான். கோயில் கொடை விழா எப்போது என்று கேட்டாள். சித்திரை என்றான். கோயிலுக்குத் தெற்கே என்ன நிற்கிறது என்று கேட்டாள். வேம்பு என்றான். கேள்வி கேட்ட அம்மாவுக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும், அந்தப் பதில்கள் எல்லாம் அனு கட்டிவைத்த ஊரிலேயே எழுதியிருக்கின்றன என்று தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் அவன் எங்கள் வீட்டு அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முறை தெரிஞ்ச பிள்ளை" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் அம்மா. "பேர் சொல்லிக் கூப்பிடாதளா. அண்ணன்னு கூப்பிடு."

அனு அப்படியே கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவன் விளையாட்டில் அவளுக்கு ஒரு படகு கொடுத்தான். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தான். இங்கே கூட்டமாக இருக்கிறது, தனியாகப் பேசலாம் என்று வேறொரு செயலிக்கு அழைத்துப் போனான். யூனிஃபார்மில் ஒரு படம் கேட்டான். பிறகு வேறு மாதிரி ஒரு படம் கேட்டான். அண்ணனிடம் என்ன வெட்கம் என்று கேட்டான். அது என்ன படம் என்று நான் சொல்லப்போவதில்லை. அது கைக்கு வந்த நாளிலிருந்து அவன் அண்ணனாகப் பேசுவதை நிறுத்திவிட்டான். அய்யாக்குட்டி ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும், அங்கே வரும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் காட்டுவேன் என்றான். இன்னும் படம் அனுப்பச் சொன்னான்.

வீட்டில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அனுவின் பேச்சு குறைந்தது மட்டும்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். போன் சத்தம் கேட்டால் தோள் குலுங்கியது. அம்மா அவளைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய மனுசி ஆகிற பருவம், அதுதான் இந்த அமைதி என்றாள். கருப்பட்டி தட்டிப்போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து உருட்டி உருட்டி ஊட்டினாள். அனு ஒவ்வொரு உருண்டையையும் விழுங்கினாள். விழுங்கும்போது அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஏதோ கேட்க வந்து, அம்மாவே சொல்லட்டும் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் நான் கடையில் தனியாக இருந்தேன். கல்லுப்பு மூடைக்குள்ளிருந்து உறுமுகிற மாதிரி சத்தம் வந்தது. எலி என்று நினைத்து அகப்பையால் கிளறினேன். அடியில் அனு விளையாடும் போன் கிடந்தது. திரையில் உப்பு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, அவன் அனுப்பியிருந்ததைப் படித்தேன். முழுவதும் படிக்க முடியவில்லை.

அப்பா பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினார். அனுவை அம்மா மடியில் போட்டுக்கொண்டு, அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அனு சொன்னாள்.

"நீதானம்மா அண்ணன்னு கூப்பிடச் சொன்ன. ஒனக்குத் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அப்பா போனை எடுத்துத் தரையில் அடிக்கப்போனார். வெளியே தெரிந்தால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்றார். நான் போனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அவன் பேசியது எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, இது உடைந்தால் அவன் தப்பித்துவிடுவான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அப்பா ஷட்டரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அனுவின் சமூக அறிவியல் புத்தகத்தில் பார்த்த 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நானே பேசினேன்.

மறுநாள் அங்கிருந்து பிரேமா என்கிற மேடம் சாதாரணப் புடவையில், உறவுக்காரி மாதிரி வந்தார். எதையும் அழிக்காதீர்கள், இதில் பிள்ளை மேல் ஒரு தவறும் இல்லை, இதை அவள் காதில் விழும்படி தினமும் சொல்லுங்கள் என்றார். அந்தப் படம் எங்கும் பரவாமல் தடுக்க எழுதிப்போட்டார். வழக்கும் பதிவானது. சிம் வேறு யார் பெயரிலோ இருந்தது. கோயம்புத்தூரும் பொய். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அவன் எங்க ஊர்க்காரந்தானா மேடம்? சித்தின்னு கூப்பிட்டான்" என்று அம்மா கேட்டாள்.

"ஊர்க்காரனாவும் இருக்கலாம்மா. பிள்ளைகிட்ட ஊரைக் கத்துக்கிட்டவனாவும் இருக்கலாம்."

அன்றிலிருந்து அம்மா பஸ்ஸில் யாரிடமும் ஊர் கேட்பதில்லை.

அனு இப்போதும் பள்ளிக்கூடம் போகிறாள். நிறுத்திவிடலாம் என்று அப்பா ஒருமுறை சொன்னபோது, பொட்டலம் மடிக்க நான் ஒருத்தி போதும் என்றேன். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போய் வந்து கடையில் ஒரு மூலையில் உட்காருகிறாள். ரேடியோ ரிப்பேரா என்று வெள்ளத்துரை டிரைவர் கேட்டார். அப்பா, கேட்ட கயிற்றைவிட ஒரு முழம் கூட அளந்து கொடுத்தார்.

சித்திரையில் கொடை வந்தது. போகவேண்டாம் என்றார் அப்பா. சாமியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது என்றாள் அம்மா. வேன் பிடித்துப் போனோம்.

மதியப் பூசைக்குத் தேரி கொதித்தது. வில்லுப்பாட்டும் மேளமும் சேர்ந்து காதை அடைத்தன. அம்மா சாமியைவிட ஆட்களைத்தான் பார்த்தாள். கோயில் வரி வசூலிக்கும் பெரியவரிடம் போய், நம் சொக்காரர்களில் சிவப்பிரகாஷ் யார் என்று கேட்டாள். ஒருவன்தான் இருக்கிறான் என்று அவர் கையைக் காட்டினார். வேம்புக்குக் கீழே ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பலூன் கேட்டு மண்ணில் புரண்டுகொண்டிருந்தான். அம்மா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஜெயகணேஷ் வந்தான். பெரியப்பா மகன். மதுரையில் படிக்கிறான். அவன் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அம்மாதான் ஊட்டிவிட்டாள். போன கொடை வரை, சாமியாட்டம் பார்க்க அனுவைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவன். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் வைத்திருந்தான்.

"ஏளா ரேடியோ, அண்ணனை மறந்துட்டியா?"

அனு என் பின்னால் ஒதுங்கினாள். என் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் விளையாட்டு என்று நினைத்து ஒரு அடி கிட்டே வந்தான். அனு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது யாரு?"

அத்தனை மாதம் கழித்து அவள் குரல் கேட்கிறது. அம்மா அவசரமாக, பெரியப்பா மகன்தான், ஜெயகணேஷ்தான் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நெசமாவே ஒனக்குத் தெரியுமா?"

அவனுடைய ஏழு தலைமுறையைச் சொல்லத் தெரிந்த அம்மா அவனைப் பார்த்தாள். அனுவைப் பார்த்தாள். பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மை எது என்றும் தெரியவில்லை. கடைசியில் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"தெரியாது தாயி."

ஜெயகணேஷ் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன தவறு செய்தோம் என்று தேடுகிற முகம். காரணம் கேட்கவில்லை. குனிந்து மிட்டாய்ப் பொட்டலத்தை மண்ணில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"சரி சித்தி" என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அனு காதுகளைப் பொத்திக்கொண்டாள்.